ஆம்ஸ்டர்டாம்: நாற்பது சென்டிமீட்டர் கணக்கு

கேள்வி இதுதான்: “ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊர் என்கிறார்கள். அந்த ஊரின் நிலம், வானிலை, பொருளாதாரம் பற்றிச் சொல்ல முடியுமா? இவ்வளவு தண்ணீர்த் தொல்லையை வைத்துக்கொண்டு எப்படிப் பணக்கார ஊரானது?”

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தண்ணீர்த் தொல்லை இருந்தும் அந்த ஊர் பணக்கார ஊராகவில்லை. அந்தத் தொல்லைதான் அதை வியாபாரத்துக்குத் தள்ளிவிட்டது. எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், உயரக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம்.

சுற்றுலாப் படங்களில் வரும் பழைய கால்வாய்ப் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மண் கொட்டி உயர்த்தியதால், அங்கே தெருக்கள் கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் அளவு மேலேதான் இருக்கின்றன. கால்வாய்த் தண்ணீர் மட்டும் 40 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. இந்த மைனஸ் 40-ஐ நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும். உண்மையிலேயே பள்ளத்தில் இருப்பவை வெளிப்பகுதிகள். ஊரின் கிழக்கே வாட்டர்கிராஃப்ஸ்மேர் என்ற பகுதி 1629-இல் வற்றவைத்த ஏரி. அதன் தரை சுமார் 5 மீட்டர் கீழே. ஸ்கிபோல் விமான நிலையமும் ஏரியின் அடித்தரைதான். 1849 முதல் 1852 வரை மூன்று நீராவிப் பம்புகளை ஓயாமல் ஓட்டி ஹார்லம்மேர் ஏரியை இறைத்துத் தீர்த்தார்கள். இன்று விமானம் இறங்கும் ஓடுபாதை கடல் மட்டத்துக்கு மூன்று, நான்கு மீட்டர் கீழே கிடக்கிறது.

‘கடல் மட்டம்’ என்று சொன்னேனே, அதை அளப்பதே அந்த ஊரின் கைங்கர்யம்தான். 1675-இல் கடல் கரை உடைந்து வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு மேயர் யோஹன்னஸ் ஹுடே, கடற்கரை அணையின் மதகுகளில் எட்டு பளிங்குக் கற்களைப் பதிக்கவைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு: நகரின் நீர்மட்டத்துக்கு 9 அடி 5 அங்குலம் மேலே அணையின் உயரம் என்று குறிக்கும் கோடு. அந்த ‘ஆம்ஸ்டர்டாம் மட்டம்’ பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவி, ஐரோப்பாவின் பல நாடுகள் மலை உயரத்தை அளக்கும் அடிப்படையாகவும் ஆனது. மலையே இல்லாத ஊரிலிருந்து மலைக்கு அளவுகோல் போனது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

சரி, நிலத்துக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் பெரிய சதுப்பு. மண் என்றால் நாம் நினைக்கிற மண் இல்லை. மக்கிய பாசியும் கோரையும் பல்லாயிரம் ஆண்டு படிந்து உண்டான, ஸ்பாஞ்சு போல நீரைக் குடித்து உப்பிய பீட் மண். அப்போது அது கடல் மட்டத்துக்கு மேலேயே இருந்தது. குடியானவர்கள் வந்து, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, ரை தானியம் விதைத்தார்கள். முதலில் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் பீட்டிலிருந்து நீரை எடுத்தால் இரண்டு நடக்கும். ஒன்று, ஸ்பாஞ்சு சுருங்கும். இரண்டு, காற்றுப்பட்டு அந்த மண்ணே மெல்ல மெல்ல எரிந்துபோவது மாதிரி சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடும். தரை இறங்கியது. இறங்கியதால் மறுபடி ஈரமானது. இன்னும் ஆழமாக வாய்க்கால் வெட்டினார்கள், இன்னும் இறங்கியது. கடைசியில் கடல் உள்ளே வரும் நிலை. கரை கட்ட வேண்டியதாயிற்று.

ஆம்ஸ்டல் என்ற சிற்றாறு வடக்கே ஓடி ‘எய்’ என்ற கடற்கழியில் சேரும் இடத்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஓர் அணை கட்டினார்கள். ஆம்ஸ்டல் ஆற்றின் ‘டாம்’, அதாவது அணை. ஊர்ப் பெயர் அப்படித்தான் வந்தது. 1275 அக்டோபர் 27 தேதியிட்ட ஓர் ஆவணத்தில், ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃப்ளோரிஸ் அணையருகே குடியிருப்பவர்களுக்குச் சுங்க விலக்கு அளிக்கிறார். ஊரின் பெயர் எழுத்தில் வருவது அதில்தான் முதல்முறை. ஊரின் பிறப்புச் சான்றிதழே ஒரு வரிச்சலுகைக் காகிதம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கேள்வியின் முடிச்சு அவிழ்கிறது. தரை இறங்கி ஈரமானதால் தானியம் விளையவில்லை. புல் மட்டும் வளர்ந்தது. மாடு வளர்த்து, பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றார்கள். மீதிப் பேர் கடலுக்குப் போய் ஹெர்ரிங் பிடித்தார்கள் (நம் மத்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம் அந்த மீன்). ரொட்டிக்குத் தானியம்? அதை பால்டிக் கடலைச் சுற்றி, டான்ஸிக் (இன்று போலந்தில் இருக்கிறது) துறைமுகத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வாங்கப் போனவர்கள் ஐரோப்பாவுக்கே விற்க ஆரம்பித்தார்கள். போகும்போது உப்பும் மீனும், வரும்போது தானியமும் மரமும். பிற்காலத்தில் மிளகும் கிராம்பும் வந்து குவிந்தபோதுகூட, டச்சுக்காரர்கள் இந்த பால்டிக் தானிய வியாபாரத்தைத்தான் ‘தாய் வணிகம்’ என்றார்கள். வாசனைப் பொருள் கதைகளில் கவர்ச்சி அதிகம். ஆனால் அடுப்பை எரியவைத்தது கோதுமையும் ரையும்.

1585-இல் ஸ்பெயின் படை, தெற்கே இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரைப் பிடித்தது. அங்கிருந்த வணிகர்கள், நெசவாளர்கள், வைரம் தீட்டுபவர்கள் வடக்கே ஓடிவந்தார்கள். போர்ச்சுகலிலிருந்து யூதர்களும் வந்தார்கள். சுமார் 30,000 பேர் இருந்த ஊர் 1622-க்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது, பங்கு வாங்க யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம் என்று அறிவித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் எழுதினார்கள். பதிவு நடந்த வீட்டின் வேலைக்காரப் பெண்ணும் தன் பங்குக்கு 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) போட்டாள். ஏழு ஆண்டுகளில் நாணயம் மாற்றித்தரும் வங்கி, 1611-இல் பங்குச்சந்தைக்கென்று தனிக் கட்டடம். கையில் இல்லாத பங்கை விற்று, விலை இறங்கினால் லாபம் பார்க்கும் வித்தையும் அந்தச் சந்தையில் 1609 வாக்கிலேயே நடந்தாயிற்று.

நம் கரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தோனேசியத் தீவுகளில் மசாலா வாங்க ஐரோப்பியச் சரக்கு போணியாகவில்லை. அங்கே கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. அதற்காகத்தான் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக் கைக்கு மாறின. 1690-இல் சோழமண்டலத் தலைமையிடத்தையே நாகைக்கு மாற்றினார்கள். பஞ்ச காலங்களில் இதே கரையிலிருந்து அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். கால்வாயோர மாளிகைகளைப் பார்த்து வாய்பிளக்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அட்லாண்டிக் பக்கம் நடந்த அடிமை வணிகத்தில் நகராட்சியே பங்குதாரர். 2021 ஜூலை 1 அன்று மேயர் ஃபெம்கே ஹால்செமா அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நாம் ‘துட்டு’ என்று சொல்வதும் டச்சுச் செப்புக்காசான ‘டொயிட்’டிலிருந்து வந்தது என்பார்கள்.

கால்வாய்கள். நடுவில் சிங்கல் என்ற பழைய அகழி. அரைஞாண் மாதிரி ஊரைச் சுற்றியதால் அந்தப் பெயர். கூட்டம் பெருகியதும் அதற்கு வெளியே 1613-இல் மூன்று பெரிய வளையங்களை வெட்ட ஆரம்பித்தார்கள்: ஹேரன்கிராக்ட், கெய்ஸர்ஸ்கிராக்ட், பிரின்ஸன்கிராக்ட். ஒரே வெட்டில் மூன்று வேலை நடந்தது. சதுப்பின் நீர் வடிந்தது, தோண்டிய மண்ணால் மனை மேடானது, சரக்குப் படகு வீட்டு வாசலுக்கே வந்தது. வீட்டு உச்சியில் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, மேல்மாடிக் கிடங்குக்கு மூட்டை ஏற்றத்தான். மாடிப்படி ஆள் ஏறவே திண்டாடும் அளவுக்குக் குறுகல், அதனால் இப்போதும் சோபாவும் பீரோவும் சன்னல் வழியாகத்தான் போகின்றன. நகர விரிவாக்கம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த மேயர் ஃப்ரான்ஸ் ஊட்கன்ஸ் அந்த நிலத்தை முதலிலேயே வாங்கிப்போட்டு விற்றார். நானூறு ஆண்டுக்கு முந்தைய செய்தி, ஆனால் நமக்குப் பழகிய செய்திதான். பக்கத்தில் தொழிலாளர்கள் குடியேறிய யோர்தான் பகுதிக்கு அந்த அழகான திட்டம் எதுவும் இல்லை. வயல் வாய்க்கால்கள் எப்படிச் சாய்வாக ஓடினவோ அப்படியே தெருவாக்கிவிட்டார்கள். வரைபடத்தில் இன்றும் அந்தக் கோணல் தெரியும். பணக்கார வளையங்கள் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

மண் ஸ்பாஞ்சு என்றேன். அதன்மேல் செங்கல் வீடு எப்படி நிற்கிறது? பீட்டையும் களிமண்ணையும் துளைத்து, 11 முதல் 13 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணல் அடுக்குவரை மரத்தூண்களை அடித்து இறக்கினார்கள். டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனைக்கு (1648-இல் நகர்மன்றமாகக் கட்டத் தொடங்கியது) கீழே மட்டும் 13,659 தூண்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வருடத்துக்கு 365 நாள், முன்னால் 1, பின்னால் 9.

மரம் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும். தலை வெளியே தெரிந்து காற்றுப் பட்டால் போதும், பூஞ்சை பிடித்து அழுகும். எனவே நிலத்தடி நீர் இறங்கக் கூடாது. அதே சமயம் ஏறினால் கீழ்த்தளத்தில் வெள்ளம். இப்போது புரிகிறதா, அந்த மைனஸ் 40 ஏன் அவ்வளவு முக்கியம் என்று? அது ஏறக்கூடாத அளவு மட்டுமில்லை, இறங்கக்கூடாத அளவும்கூட. வீடுகள் அந்த மட்டத்தை நம்பித்தான் நிற்கின்றன. வடக்கு–தெற்கு மெட்ரோ பாதை தோண்டியபோது இது நன்றாகவே தெரிந்தது. 2008-இல் ஃபெய்ஸல்கிராக்ட் நிலையக் குழிச் சுவரில் நீர் கசிந்து, அடிமண் இளகி, அருகிலிருந்த பழைய வீடுகள் இறங்கிவிட்டன. 2003-இல் தொடங்கிய வேலை 2018 ஜூலையில்தான் முடிந்தது. பாதையின் நீளம் 10 கிலோமீட்டர்கூட இல்லை. செலவு 300 கோடி யூரோவைத் தாண்டியது.

இந்த மட்டத்தைக் காப்பது நகராட்சி இல்லை, ‘நீர் வாரியம்’ என்ற தனி அமைப்பு. நாடெங்கும் 21 வாரியங்கள். இவை நாட்டைவிடவே பழையவை. கரையை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்கள் கூடிப் பொறுப்பெடுத்த காலத்திலிருந்து வருகின்றன. இன்றும் அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. நம் ஊர்களில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குடிமராமத்து செய்தார்களே, அதற்கு ஓட்டுப்பெட்டியும் வரிச் சீட்டும் கொடுத்து அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில இரவுகள் மதகுகளை மூடி, கிழக்கே இருக்கும் பெரிய ஏரியிலிருந்து நல்ல நீரைத் தள்ளிக் கால்வாய்களை அலசுகிறார்கள். பழைய ஊரின் வீடுகளெல்லாம் சாக்கடைக் குழாயில் இணைந்தது 1980-களில்தான். அதற்கு முன் எல்லாம் கால்வாய்க்கே. அதற்கு அப்புறம் படகு வீடுகளும் இணைந்தபின் தண்ணீர் நன்றாகவே தெளிந்திருக்கிறது. ஆழம் மூன்று மீட்டர். ஒரு மீட்டர் தண்ணீர், ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள் என்று உள்ளூரில் ஜோக் சொல்வார்கள். ஆண்டுக்கு 12,000-க்கும் மேல் சைக்கிள்களைக் கிரேன் படகு வைத்துத் தூக்குகிறார்கள் என்பதால் அது முழுக்க ஜோக்கும் இல்லை.

சுற்றிலும் தண்ணீர், குடிக்க இல்லை என்ற நிலையும் இருந்தது. முதல் குழாய்த் தண்ணீர் 1853-இல் கடலோர மணற்குன்றுகளிலிருந்து வந்தது. பிறகு குன்றுகளில் ஊற்று வற்றத் தொடங்கவே, 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுபோய் மணலில் ஊறவிட்டு வடிகட்டி எடுக்கிறார்கள்.

கடலோடு இருந்த உறவும் மாறிவிட்டது. பழைய காலத்தில் கப்பல்கள் வடகிழக்கே ஸய்டர்ஸே என்ற ஆழமற்ற உள்கடல் வழியாகச் சுற்றி வந்தன. அது தூர்ந்துகொண்டே வந்தது. மேற்கே மணற்குன்றுகளை வெட்டி 1876-இல் வடகடல் கால்வாயைத் திறந்தார்கள். ஊர் தன் முதுகுப்பக்கத்தில் புதிய வாசல் வைத்ததுபோல. 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணை ஸய்டர்ஸேயை மூடியது. உள்கடல் நன்னீர் ஏரியானது. இன்று ஆம்ஸ்டர்டாமில் ஓதம் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) கிடையாது. மேற்கே எய்மவுடனில் இருக்கும் கப்பல் மதகுகள்தான் கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கின்றன. அங்கே 2022-இல் திறந்த புதிய மதகு 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அது திறக்கும் ஒவ்வொரு முறையும் உப்புநீர் உள்ளே வருகிறது. உப்பு கனமானது, அடியில் தங்கும். ஆகவே அடியில் மட்டும் வாய் திறந்த ஒரு சுவரைக் கால்வாயில் கட்டி, அந்த அடிநீரை மட்டும் திருப்பி வெளியேற்றுகிறார்கள். வேலையின் நுட்பத்தை நான் வியப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரே மாதிரி. 52 டிகிரி வடக்கு. ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று கடுங்குளிரை மட்டுப்படுத்துகிறது. ஜனவரிச் சராசரி 4 டிகிரி அளவில், ஜூலையில் 18. மழை ஆண்டுக்கு 850 மி.மீ. சுற்றி. எல்லா மாதமும் பெய்யும், எந்த மாதமும் கொட்டாது. பொடித் தூறலுக்கென்றே ‘மீஸரன்’ என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். குடை வேலைக்கு ஆகாது, காற்று திருப்பிவிடும். மழைக்கோட்டுதான். இருட்டுதான் நம்மவர்களை அதிகம் அசைக்கும்: டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் கிட்டத்தட்ட பதினேழு. கால்வாய் உறைந்து சறுக்கி விளையாடுவது இப்போது அபூர்வம். 2012, 2018, 2021 என்று விரல்விட்டு எண்ணலாம்.

மாறிவருவது இரண்டு. ‘கொட்டாது’ என்ற பழைய நம்பிக்கை போய், சில கோடைகளில் மேகம் உடைத்ததுபோல் பெய்கிறது. கூரைமேல் செடியும் அதன் அடியில் நீர்த்தொட்டியும் வைத்து மழையைப் பிடித்துவைக்கும் திட்டம் நடக்கிறது. மறுபக்கம், 2018 போன்ற வறண்ட கோடைகளில் நிலத்தடி நீர் இறங்கி மரத்தூண் தலைகள் காயும் பயம். கடல் ஏறுவது அடுத்த கவலை. இப்போது எய்மவுடனில் கடல்நீர் இறங்கி வற்றம் வரும்போது மதகைத் திறந்தால் உபரி நீர் தானாக ஓடிவிடும். மீதிக்குத்தான் வினாடிக்கு 260 கன மீட்டர் இறைக்கும் பம்புகள். கடல் ஏற ஏற, தானாக ஓடும் நேரம் குறையும், மின்சாரக் கட்டணம் கூடும்.

இன்றைய பொருளாதாரம். நகரில் 9.3 லட்சம் பேர். துறைமுகம் நாட்டுக்குள் ராட்டர்டாமுக்கு அடுத்தபடிதான். ஆனால் கோகோ விஷயத்தில் உலகிலேயே முதலிடம். மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டைகள் வந்திறங்கி, பக்கத்து ஸான்டாம் பகுதி ஆலைகளில் அரைபடுகின்றன. பெட்ரோல் கலந்து அனுப்புவதிலும் பெரிய கை. நிலக்கரியை 2030-க்குள் நிறுத்துவதாக முடிவு. பணம் அதிகம் புரள்வது தெற்கே ஸய்டாஸ் என்ற கண்ணாடிக் கோபுரப் பகுதியில்: வங்கிகள், சட்ட நிறுவனங்கள். ஹோட்டல் அறை பதிவுசெய்யும் புக்கிங், பணம் செலுத்த வழிசெய்யும் அடியென் போன்ற இணைய நிறுவனங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். பிரெக்ஸிட் நடந்தபோது ஐரோப்பிய மருந்து முகமை லண்டனை விட்டு இங்கே வந்தது. 2021 ஜனவரியில் பங்கு வணிக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனையே முந்தியது. 1611-இன் பேரப்பிள்ளைகள் அல்லவா. ஸ்கிபோல் வழியாக 2024-இல் 6.6 கோடிப் பேருக்கு மேல் பறந்தார்கள். கப்பல் வந்த இடத்தில் விமானமும் இணையக் கேபிளும். தொழில் அதே இடைத்தரகுதான்.

பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று நிலவுடைமை. 1896 முதல் நகராட்சி நிலத்தை விற்பதில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறது. இன்று நகர நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் நகராட்சிச் சொத்து. ஊட்கன்ஸ் மாதிரி ஆட்கள் சம்பாதித்த நில லாபம் இனி ஊருக்கே வரட்டும் என்ற யோசனை. அப்படியிருந்தும் வீட்டு விலை சாமானியர் தொடும் நிலையில் இல்லை. காரணங்களில் சுற்றுலாவும் ஒன்று. அதைக் கட்டுப்படுத்த ஹோட்டல் வரியை 2024-இல் 12.5 சதவீதமாக்கினார்கள். பழைய ஹோட்டல் ஒன்று மூடினால் ஒழியப் புதிதாக ஒன்று திறக்க முடியாது.

அப்புறம், இப்போது ஊரின் பெரிய செலவு எது தெரியுமா? கால்வாய்க் கரைச்சுவர். கைவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் கட்டிய சுவர்மேல் நூறாண்டாக லாரியும் காரும் நிற்கின்றன. 2020 செப்டம்பர் 1 அன்று கிரிம்பர்க்வாலில் ஒரு நீளம் அப்படியே கால்வாய்க்குள் சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. அதன்பின் சுமார் 200 கிலோமீட்டர் கரைச்சுவரையும் 850 பாலங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பல தெருக்களில் கரையோர மரத்தை வெட்டாமல், தண்ணீருக்குள் இரும்புத் தகடு அடித்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கனரக லாரிகளுக்கு மையத்தில் கட்டுப்பாடு. விளைவு என்ன தெரியுமா? ஹோட்டலுக்கு பீரும் கட்டடத்துக்குச் செங்கலும் மறுபடி படகில் வர ஆரம்பித்திருக்கின்றன.

போனால் நகர்மன்றமும் ஓபராவும் சேர்ந்திருக்கும் ஸ்டோபெரா கட்டடத்துக்குள் நுழையுங்கள், கட்டணம் கிடையாது. உள்ளே மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிற்கும். இரண்டில் எய்மவுடனிலும், தென்மேற்குத் துறைமுகமான ஃப்ளிஸிங்கனிலும் அந்த நிமிடம் கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும், பார்க்கும்போதே ஏறி இறங்கும். மூன்றாவது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 1953 பிப்ரவரி 1 அன்று தென்மேற்கே ஸேலாண்ட் மாகாணத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் 1,836 பேரைக் கொண்டுபோன வெள்ளத்தின் மட்டம் அது. நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், நான்கரை மீட்டர்.